முதல் வரைவில் தடங்கலைக் கண்டுபிடித்த விதம்

என் நாவலின் முதல் வரைவில் நடு அத்தியாயங்கள் நகரவே மறுத்தன. எங்கே தடங்கல் என்று அறிய, ஓர் உரை படிக்க எவ்வளவு எளிது என்பதை எண்ணால் சொல்லும் வாசிப்பு எளிமை மதிப்பெண்ணை நாடினேன். அதற்காக அமெரிக்க எழுத்தாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம் இரண்டை மட்டுமே அளக்கிறது: வாக்கியத்துக்கு எத்தனை சொற்கள், சொல்லுக்கு எத்தனை அசைகள். அது ஆங்கில உரைநடைக்காக அமைந்தது. விகுதிகளும் துணைவினைகளும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லுக்கு அந்த அசைக்கணக்கு பொருந்தாது. எளிய வரியைக்கூடக் கடினம் என்றே காட்டும். ஆகவே வாக்கிய நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முக்கியமான ஒன்று, உரையாடலை நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். "வா", "சரி" போன்ற குறுவரிகள் சராசரியைக் குறைத்து, கனத்த விவரணையை மறைத்துவிடுகின்றன. அப்படிப் பிரித்து அளந்ததும் தடங்கல் பளிச்சென்று தெரிந்தது. சண்டைக் காட்சியில்கூட எச்சங்கள் அடுக்கடுக்காக நின்றன. வினைமுற்று வரியின் கடைசியில்தான் வந்தது. பல எச்சங்களை வினைமுற்றுகளாக்கி வாக்கியங்களை உடைத்தேன். காட்சி ஓடத் தொடங்கியது.

நினைவோட்டப் பகுதிகளின் நீண்ட வாக்கியங்களை மட்டும் தொடவில்லை. அங்கே சராசரி இன்னும் அதிகம்தான். இருக்கட்டும், நாயகி மூச்சுவிடாமல் நினைப்பவள்.