இச்சையடக்கம் பழகுவது எப்படி? பால்வெட்டுக்காரர் மகன் எழுதும் செய்முறை

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். சின்ன வயதில் கூடப் போய், கவிழ்ந்து கிடக்கும், பால் பிடிக்கும் சிரட்டைகளை நிமிர்த்தி வைப்பேன். அவர் கத்தி ஒரு தடவைக்கு எடுப்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய பட்டைதான். நூல் மாதிரி சுருண்டு காலடியில் விழும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது.

சபை வாலிபர்கள் "எங்கே ஆரம்பிக்க, அண்ணா?" என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். சபையின் கன்வென்ஷன் கூட்டம் முடிந்த ராத்திரி, "நாளை முதல் 3 மணிக்கு எழுந்து 2 மணி நேரம் ஜெபிப்பேன்" என்று தீர்மானிப்பது ஆழ வெட்டு. நானும் அப்படி வெட்டியவன்தான். ஒன்பதாம் நாள் விட்டேன். வெட்கத்தில் நாலு மாதம் வேதத்தைத் திறக்கவே இல்லை.

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை நினைக்கும்போது நமக்கு அந்தக் கடைசி நாள்தான் கண்ணில் நிற்கிறது. அவர் பிடிபட்டது 1749இல். இடையில் ஏறத்தாழ 3 ஆண்டு. அத்தனை காலையும் அவர் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை மறுதலிக்காமல் விழித்தெழுந்தார். எனக்கு அந்தக் காலைகள்தான் பாடம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலாத்தியர் 5ஆம் அதிகாரம் இச்சையடக்கத்தை ஆவியின் கனிகளில் கடைசியாக எண்ணுகிறது. கனி நாம் செய்கிற பொருள் அல்ல. பாலை உண்டாக்குவது மரம். இருட்டில் போய் நிற்பதும் மெல்லிசாகக் கீறுவதும் அப்பாவின் பங்கு. பவுல் தீமோத்தேயுவிடம் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்றபோது, கிரேக்கத்தில் அவர் எழுதியது உடற்பயிற்சிக்குப் புழங்கிய சொல். நம் பங்கு அவ்வளவுதான், ஆனால் அதை நாம்தான் செய்ய வேண்டும்.

படி 1: தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள்

"காலை 5 மணி" என்று வைக்காதீர்கள். கட்டன் காப்பியை ஊற்றி வைத்தபின், அது ஆறும் நேரம் என்று வையுங்கள். காப்பி எப்படியும் குடிப்பீர்கள் அல்லவா? 10 நிமிடம் போதும். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம், வாய்விட்டு வாசியுங்கள். 32 நாளில் முடியும். வாசித்ததிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் ஜெபம். முதல் அதிகாரத்திலேயே, இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்ததைப் பார்ப்பீர்கள்.

எல்லோருக்கும் விடியற்காலை வாய்க்காது. ராத்திரி கடலுக்குப் போய் விடியலில் கரையேறுகிறவருக்கு வலையை உதறி முடித்த நேரம்தான் காலை. அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் சங்கீதம் ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். ஸ்டாப் வருவதற்குள் முடித்துவிடுவார்.

படி 2: போன்

தூங்கும் அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். வாசித்து முடிக்கும்வரை தொடாதீர்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

படி 3: பிடியரிசி

எங்கள் பாட்டியின் அடுக்களையில் அடுப்புக்கு மேலே ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்தபின், அளந்ததிலிருந்தே ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவார். அரிசிப் பானையிலிருந்து தனியாக எடுத்துப் போட்டால் அது பிடியரிசி ஆகாது என்பார். நம் சாப்பாட்டில் அந்த ஒரு பிடி குறைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். வீட்டில் கஞ்சிக்கே தட்டுப்பாடான நாளிலும் கலயத்தில் கை வைக்க மாட்டார்.

இதை இன்றைக்கு இப்படிச் செய்யலாம். சாயங்காலம் கடையில் சாயாவும் பழம்பொரியும் வழக்கமென்றால், புதனும் வெள்ளியும் பழம்பொரியை விடுங்கள். அந்தக் காசை அன்றைக்கே ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் தேவையுள்ள ஒருவர் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். கொடுக்காமல் விடுவது வெறும் பத்தியம்.

ஒரு மாதம் இது பழகியபின் ஒரு வேளை உபவாசம் பற்றி யோசிக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை விட வேண்டாம். அவர்களுக்கு டிவி சீரியல் இருக்கிறது, விட வேண்டிய வேறு எத்தனையோ இருக்கின்றன. உபவாசம் இருந்தால் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, யாருக்கும் தெரியாமல் இருக்கும்படி மத்தேயு 6இல் இயேசு சொல்கிறார். ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

படி 4: நாக்கு

எனக்கு இன்றைக்கும் கடினமானது இதுதான். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்று சங்கீதம் 141இல் ஒரு வேண்டுதல் உண்டு. வேலை முடிந்து வந்து வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போது அதைச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் மட்டும், வீட்டில் யார் என்ன சொன்னாலும் குரலை உயர்த்தாதீர்கள். நாள் முழுக்க வேண்டாம், அரை மணி நேரம்.

படி 5: விட்டுப்போன நாள்

கண்டிப்பாக விட்டுப்போகும். பட்டை மழையில் நனைந்து கிடந்தால் அப்பா வெட்டப் போக மாட்டார். மூன்று நாள் அடைமழை விட்டபின் போனாலும், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து ஆழமாக எடுக்க மாட்டார். பழைய கீறலைத் தேடி, காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை விரலால் உரித்துவிட்டு, அதே மெல்லிய வெட்டுதான். நீங்களும் நிறுத்திய இடத்திலிருந்து அரை அதிகாரம் வாசியுங்கள். ஒன்றரை வேண்டாம்.

கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவரையொருவர் விசாரியுங்கள். எத்தனை நாள் விட்டாய் என்று கேட்க வேண்டாம். விட்டதற்கு மறுநாள் போய் உட்கார்ந்தாயா என்று மட்டும் கேளுங்கள்.