எக்கோவில் 48 என்றால் என்ன? நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஸ்கேனில் தேடும்போது நடக்கும் தவறுகள்

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனவருக்கு எக்கோ எடுத்து, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "ஆர்.வி.எஸ்.பி. 48, மிதமான பி.எச்." என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆர்.வி.எஸ்.பி. என்பது இதயத்தின் வலது கீழறை சுருங்கும்போதான அழுத்தம், பி.எச். என்பது நுரையீரல் ரத்த அழுத்த நோய். அந்த 48-ஐ, கையில் பட்டை கட்டிப் பார்த்த பி.பி. போல எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. எக்கோ அழுத்தத்தை அளப்பதில்லை. ஒரு வேகத்தை அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறது.

இதயத்தின் வலது கீழறை சுருங்கும்போது, அதற்கும் வலது மேலறைக்கும் இடையே உள்ள ட்ரைகஸ்பிட் வால்வு வழியே கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். அந்தக் கசிவின் உச்ச வேகத்தை டாப்ளர் பிடிக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி, வலது மேலறை அழுத்தமாக 3, 8, 15 என ஏதோ ஒன்றைக் கூட்டினால் ரிப்போர்ட்டில் வரும் எண் கிடைத்துவிடும். வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், கூட்டுவதற்கு முன் 36. திரையில் அலையின் ஓரத்தில் தெரியும் வெளிறிய பிசிறையும் சேர்த்து 3.3 என்று குறித்துவிட்டால் கிட்டத்தட்ட 44. மேலே கூட்டும் தொகையோ, கீழ்ப்பெருஞ்சிரையின் அகலத்தையும் மூச்சை உறிஞ்சும்போது அது எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் பார்த்துச் செய்யும் ஊகம். அதனால்தான் ஐரோப்பிய இதய, நுரையீரல் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல் அழுத்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு வேகத்தையே பார்க்கச் சொல்கிறது: 3.4-க்கு மேல் போனால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். 2.8-ஐத் தாண்டாமல், வேறு அறிகுறியும் இல்லையென்றால் குறைவு.

அந்த "வேறு அறிகுறி"யைப் பல ரிப்போர்ட்டுகள் எழுதுவதே இல்லை. வலது கீழறை இடதைவிடப் பெரிதாக இருக்கிறதா, நடுச்சுவர் தட்டையாகி இடது அறை ஆங்கில 'டி' எழுத்து வடிவத்துக்கு வந்துவிட்டதா, வலது மேலறையின் பரப்பு 18 சதுர செ.மீ.யைத் தாண்டுகிறதா? என்னைக் கேட்டால், எண்ணைவிட இவற்றைத்தான் முதலில் தேடுவேன். கசிவே தெரியாததால் வேகம் அளக்க முடியாதவர்கள் உண்டு. அதை "அழுத்தம் இல்லை" என்று படித்துவிடக் கூடாது. கசிவு மிக மோசமாக இருக்கும்போதும் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரலாம்.

இன்னொரு குழப்பம்: இந்த நோயின் வரையறை 20 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு மேல் என்று இணையத்தில் படித்துவிட்டு, "எனக்கு 48, இரண்டு மடங்குக்கு மேல்" என்று பயப்படுவது. எக்கோவின் 48 இதயம் சுருங்கும்போதான உச்ச அழுத்தம். வரையறையில் உள்ள 20 சராசரி அழுத்தம், அதுவும் ஓய்வில், வலது இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தது. 2018 வரை இந்த எல்லை 25 என்பதால் பழைய கட்டுரைகளில் அந்த எண்ணே இருக்கும். ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும். முடிவு சொல்வது கதீட்டர்.

சிடியிலும் இதே கதைதான். நுரையீரல் தமனி 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஆனால் நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு அழுத்தம் கூடாமலேயே தமனி விரியலாம். அகலம் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. மார்பு எக்ஸ்ரேயை நம்பி விட்டுவிடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணைத் துரத்துவதில் காரணத்தைத் தேடாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. கேரளத்தில் பல மருத்துவமனைகள் சேர்ந்து திரட்டிய இந்த நோயாளிகளின் பதிவேட்டில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரச்சினையின் வேர் இடது பக்க இதயத்தில் இருந்தது. எனவே இடது அறைகளுக்கு இடையே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, இடது மேலறை வீங்கியிருக்கிறதா என்று அதே எக்கோவில் பார்த்தாக வேண்டும். வலது பக்கம் பெரிதாகியும் காரணம் தெரியவில்லை என்றால், மேற்பெருஞ்சிரை சேரும் இடத்துக்கு அருகில், மேலறைகளுக்கு இடையே உள்ள ஓட்டை ஒன்று சாதாரண எக்கோவுக்குத் தப்பியிருக்கலாம். உணவுக்குழாய் வழி எக்கோவோ சிடியோ அதைக் காட்டிவிடும்.

நோயாளிக்கு அதிக விலை வைக்கும் தவறு, நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி.கியூ. ஸ்கேனை எடுக்காமல் விடுவது. நுரையீரலில் பழைய ரத்தக்கட்டி கரையாமல் தங்கி, தழும்பாகித் தமனியை அடைத்திருக்கலாம். இந்த வகையைத்தான் அறுவை சிகிச்சையில் உரித்து எடுத்துக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. 2007-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் வி.கியூ. இதை 96 சதவீதத்துக்கு மேல் பிடித்தது, சிடி 51 சதவீதம்தான். இன்றைய சிடி கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் புதுக்கட்டி தமனிக்கு நடுவே உருண்டையாக நிற்பதைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, பழையது சுவரோடு ஒட்டி மெல்லிய வலை போலவோ நாடா போலவோ கிடப்பது படாமல் போகிறது. "சிடியில் கட்டி இல்லை" என்ற வரியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வி.கியூ.வுக்கு அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்துக்குப் போக வேண்டியிருப்பதால் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. சரி, அலைச்சல்தான். ஆனால் வி.கியூ. இயல்பாக இருந்தால் இந்தச் சந்தேகத்தை ஏறக்குறைய மூடிவிடலாம். இதன் மறுபக்கமும் உண்டு: கட்டி வந்த சில வாரங்களிலேயே இந்த முத்திரையைக் குத்தக் கூடாது. ரத்தம் உறையாமைக்கான மருந்தைக் குறைந்தது 3 மாதம் சரியாக எடுத்த பிறகே முடிவு.

அப்புறம், மருந்து தொடங்கும் அவசரத்தில் நுரையீரல் சிடியை நுணுக்கமாகப் பார்க்காமல் விடுவது. நுண் சிரைகள் அடைபடும் அரிய வகை ஒன்று இருக்கிறது. நுரையீரலின் நுண்மடல்களுக்கு இடையே தடித்த கோடுகள், மங்கலான சிறு புள்ளிகள், வீங்கிய நிணநீர்க் கணுக்கள் சேர்ந்து தெரிந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். இவர்களுக்குத் தமனியை விரிக்கும் மாத்திரை கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு நிலைமை முற்றிவிடலாம். முதல் மாத்திரைக்கு முன்பே சிறப்பு மையத்தோடு பேசிவிடுங்கள், ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாமல் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.