வியட்நாமின் பழைய கட்டடங்களைப் பார்ப்பது எப்படி? தூணின் அடியிலிருந்து தொடங்குங்கள்

ஹனோய்க்கு வரும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உள்ளே நுழைந்ததும் கூரைமேல் இருக்கும் டிராகனைப் படமெடுக்க ஓடாதீர்கள். குனிந்து தூணின் அடியைப் பாருங்கள். கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. டிராகன், வாசலில் சீன எழுத்து, சிவப்பு அரக்குப் பூச்சு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சீனாவின் நகல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவை பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் இடங்களில் இருக்கின்றன. இந்த நாட்டுத் தச்சரின் கணக்கோ மரச்சட்டகத்துக்குள் இருக்கிறது.

தூண் மண்ணில் புதைந்திருக்காது. செதுக்கிய ஒரு கல்லின்மேல், எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கும். தரையின் ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க இந்தக் கல். தூண்களை ஒன்றோடொன்று கட்டி நிறுத்துவது மேலே இருக்கும் உத்தரங்களும், துளையில் முனையைச் செருகும் கழுந்துப் பொருத்துகளும்தான். கூரையின் எடை மேலிருந்து அழுத்திச் சட்டகத்தை அசையாமல் வைக்கிறது. சுவருக்கு இதில் வேலையே இல்லை. சுவரை இடித்தாலும் கூரை நிற்கும். ஆகவே பழைய வீடு ஒன்றைப் பிரித்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்த முடிகிறது.

அடுத்து, முன்பக்கத் தூண்களுக்கு இடையே உள்ள அங்கணங்களை எண்ணுங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வரும். நடு அங்கணம் முன்னோருக்கு அல்லது தெய்வத்துக்கு. பிறகு மரத்தைத் தொட்டுப் பாருங்கள். பெரிய கோயில்களில் 'லிம்' எனப்படும் கருங்கட்டையான இரும்பு மரம். மத்திய வியட்நாமின் வீடுகளில் பலா. வடக்கின் எளிய வீடுகளில் வேப்பங் குடும்பத்து ஸ்வான் மரமும் மூங்கிலும். இந்த இரண்டையும் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட பிறகே எடுத்து வேலை செய்வார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் வழி.

இப்போது தலையை உயர்த்தலாம். ஆனால் நேராகக் கூரைக்குப் போகாமல், வெளித்தூணின் தலையில் நிறுத்துங்கள். தூணைத் துளைத்துக்கொண்டு, சாய்வாக வெளியே நீண்டு, இறவாரத்தைத் தாங்கும் ஒற்றை மரம் தெரியும். 'பய்' என்று பெயர். அதன் உள்முனையைக் கூரையின் எடை கீழே அழுத்துகிறது. தூண் நடுவில் தாங்குகிறது. வெளிமுனை இறவாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. முழுக்க முழுக்க நெம்புகோல் கணக்கு. சீனக் கோயில்களில் இதே வேலையைத் தூண் தலையில் அடுக்கடுக்காக வைத்த சிறு மரத்துண்டுகளாலான போதிகை செய்யும். வியட்நாமியத் தச்சருக்கு அதுவும் தெரியும். சில கட்டடங்களில் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் ஊர்க் கட்டடங்களில் இந்த ஒற்றைச் சாய்வு மரத்தையே பெரிதும் நம்பினார்கள். கூரையின் சரிவும் அப்படித்தான். சீனக் கூரை முழுவதும் குழிந்து வளையும். இங்கே சரிவு நேராக இறங்கி, மூலையில் மட்டும் மேல்நோக்கி எழும்பும்.

இதைப் பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள் என்றால், யோசிக்காமல் டிங் பாங் என்பேன். ஹனோய்க்கு அருகே பாக் நின் மாகாணத்தில் இருக்கும் ஊர் மன்றம் அது. காவல் தெய்வத்துக்கு வழிபாடும் ஊர்க்கூட்டமும் அதே கூரையின் கீழ்தான். 1700-இல் தொடங்கி 1736-இல் முடித்தார்கள். அறுபது லிம் தூண்கள். முன்னே நின்று பார்த்தால் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூரையே. இறவாரம் அவ்வளவு தாழ இறங்குவதற்குக் காரணம் சாரலும் புயலும். தரை மண்ணிலிருந்து உயர்த்திய பலகைத் தளம். சீனத்துக் கோயில் கல்தளத்தின்மேல் நிற்கும். இந்த உயர்பலகைத் தளமோ தென்கிழக்காசியக் கால்வீடுகளின் மரபு. உள்ளே செதுக்குப் பலகைகளில் எட்டுக் குதிரைகள் இருக்கின்றன. தேடிக் கண்டுபிடியுங்கள், ஒரே நிலையில் நிற்பது இரண்டு கிடையாது. கைவிளக்கு அவசியம் வேண்டும், தாழ்ந்த இறவாரத்தால் உள்ளே நண்பகலிலும் அரையிருட்டுதான்.

மேலே பார்க்கும்போது, அளவுக் குறிகள் போட்ட மூங்கில் கோல் அல்லது சட்டம் ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு கட்டடத்துக்கென்றே செய்த முழக்கோல் அது. தலைமைத் தச்சர் எல்லா அளவையும் அதில் மையால் குறித்து, வேலை முடிந்ததும் கூரைச் சட்டத்திலேயே விட்டுவிடுவார். நூறு வருடம் கழித்துப் பழுதுபார்க்க வருபவருக்கு வரைபடம் அதுதான். என் தொழிலில் இதைவிட மரியாதைக்குரிய வழக்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

வீடென்றால் எந்தத் திசை பார்க்கிறது என்று கவனியுங்கள். 'சாந்தமான பெண்ணை மணந்துகொள், தெற்கு நோக்கி வீடு கட்டு' என்பது இங்குள்ள பழமொழி. கோடையில் தென்கிழக்குக் காற்று உள்ளே வரும். குளிர்காலத்து வடகிழக்கு வாடை முதுகில் மோதும். முன்னால் பாக்கு, பின்னால் வாழை என்றும் சொல்வார்கள். பாக்கு மரம் காற்றை விடும், வாழைத் தோப்பு தடுக்கும்.

இத்தனையும் பழகிய பிறகு, மத்திய வியட்நாமின் பழைய துறைமுக நகரமான ஹோய் ஆன் போங்கள். அங்கே எல்லாம் கலந்திருக்கிறது. அடிப்படை தெரிந்திருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஜப்பானிய வணிகர்கள் தொடங்கிய மூடுபாலம், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வணிகர்களின் மன்றம், தென்சீனப் பாணியில் வளைந்த உட்கூரை, கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கிய ஓடு. டான் கீ என்ற பழைய வணிகர் வீட்டில் வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் வருடத்தோடு குறித்திருக்கிறார்கள். 1964 தலைக்கு மேலே இருக்கிறது. ஃபுங் ஹுங் வீட்டில் மாடித் தளத்தில் ஒரு திறப்பு. வெள்ளம் வந்தால் சரக்குகளை அதன் வழியே மேலே ஏற்றிவிடுவார்கள். அலங்காரம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், இந்தத் திறப்பை வெட்ட வைத்தது துபோன் ஆறு.

ஹோய் ஆனிலிருந்து மி சன் பக்கம்தான். மத்திய வியட்நாமில் முன்பு இருந்த சம்பா நாட்டு மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை கோயில் எழுப்பிய இடம். இன்று நிற்பவை செங்கல் கோயில்கள். மூலவர் பத்ரேஸ்வரர் என்ற சிவன். நம்மவர்கள் பலர் இங்கே நெகிழ்ந்துபோய், வியட்நாமியக் கட்டடக்கலையே இதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. சம்பா வேறு நாடு, வேறு மக்கள், வேறு கட்டுமுறை. வியட்நாமியரிடம் சென்றது சிற்பம்: 1057-இல் எழுந்த ஃபாட் டிக் பௌத்தக் கோயிலில் பறவை உடல் கொண்ட கின்னரிகள் இருக்கின்றன. மி சன்னில் பார்க்கவேண்டியது செங்கற்களின் இணைப்பு. இடையில் சாந்து கண்ணுக்குத் தெரியாது. இந்தியத் தொல்லியல் துறை இங்கே பழுதுபார்த்தபோது 2020-இல் ஒற்றைக்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது; அதையும் பாருங்கள்.

நேரம் இருந்தால் பழைய அரச தலைநகரமான ஹுவே. கோட்டைச் சுவர், வோபான் என்ற பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளரின் பாணி. உள்ளே தாய் ஹோவா அரண்மனை. பெரிய கூடம் வேண்டும், ஆனால் புயல் நாட்டில் கூரையை உயர்த்த முடியாது. ஆகவே இரண்டு கட்டடங்களை முன்னும் பின்னுமாக ஒட்டி, நடுவில் கூடல்வாய் வைத்து நீரை வெளியேற்றி, அதன் கீழே வளைந்த உட்கூரை போட்டு மறைத்தார்கள். உள்ளே நின்றால் ஒரே கூடம். வெளியே வந்தால் இரண்டு கூரை. வடக்கே நின் பின் மாகாணத்தில் உள்ள ஃபாட் டியெம் தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள்: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அந்தக் கத்தோலிக்கக் கோயிலும் லிம் தூணில், மூலை எழும்பிய ஓட்டுக் கூரையோடுதான் நிற்கிறது.

ஊர் மன்றங்கள் பல நாட்களில் பூட்டியே கிடக்கும். பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டால் சாவி வைத்திருக்கும் பெரியவரைக் காட்டுவார்கள். வாசல்படியை மிதிக்காமல் தாண்டி, செருப்பை வெளியே விட்டு, அவரிடம் கேட்ட பிறகே படமெடுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வழிபாடு உண்டு. அன்று போனால் கதவு திறந்திருக்கும். ஆனால் மக்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடும்போது கைவிளக்கை அணைத்துவிடுங்கள், தூண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.