பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்வதா, மாற்றுவதா? ரங்கூன் வீடுகளுக்கு ஒரு செய்முறை

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் தன் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தையல் கணக்கு, வாடிக்கைக்காரர்களின் அளவு, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். "தம்பி, பொத்தானை அமுக்கிட்டு ஒரு கட்டு புளிச்சக்கீரையை ஆய்ஞ்சே முடிச்சுட்டேன். இன்னும் வட்டம் சுத்திட்டே இருக்கு. கடையில போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்றாங்க" என்றார்.

புதிது வாங்குவதென்றால் அவர் எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்தோம். போர்டு, அதாவது எல்லா உறுப்பும் வந்து சேரும் தாய்ப் பலகை, நன்றாகவே இருந்தது. மாற்ற வேண்டியிருந்தது இரண்டே பொருள். அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முக்கால்வாசி வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. நீங்களே செய்யலாம், பயப்பட வேண்டாம்.

1. எதையும் தொடும் முன் ஒரு பிரதி

சோதனை செய்யும்போதே செத்துப்போகும் டிஸ்க்குகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேலை, படங்களையும் கோப்புகளையும் ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்து வைப்பது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊரில் இதோடு இன்னொன்றையும் எடுக்க வேண்டும்: எழுத்துருக்கள். 2019 அக்டோபர் 1 முதல் மியான்மர் நாடே யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாறியது. அதற்கு முந்தைய பர்மியக் கோப்புகளில் நிறைய ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவை. தமிழிலும் அப்படித்தான், பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினி மாதிரி எழுத்துருவில் இருக்கும். கோப்பை மட்டும் புது இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் பாமினியில் தட்டியது ஆங்கில எழுத்தும் குறியுமாகவும், ஸோஜியில் தட்டியது குழம்பிய பர்மிய எழுத்தாகவும் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்கு வேண்டியதைப் பிரதி எடுங்கள்.

2. உங்களிடம் இருப்பது என்ன இயந்திரம்?

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபவுட். அங்கே பிராசஸரின் (இயந்திரத்தின் மூளைச் சில்லு) பெயரும் ரேமின் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) அளவும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்கு அடுத்து வரும் எண்தான் வயதைச் சொல்லும். 3320 என்றால் மூன்றாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாவது. இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற வேண்டுமானால், சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் கேட்கும். நடைமுறையில் 4 ஜி.பி. போதவே போதாது. 8 இருந்தால்தான் மூச்சு விடலாம்.

அக்காவுடையது எட்டாம் தலைமுறை ஐ5. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நிம்மதி.

3. எது தடுக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிதான் உயிர். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

கம்ப்யூட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். எதையும் திறக்க வேண்டாம். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே உள்ள "மோர் டீட்டெய்ல்ஸ்" என்பதைத் தொடுங்கள். சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். அப்படியே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, மற்ற இரண்டும் சும்மா இருந்தால், தடுப்பது ஹார்ட் டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்றோ 7200 சுற்றோ சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடுகிறது. பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்.பி. அளவுக்குப் படித்துவிடும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கும் இங்குமாகக் கேட்கிறது. ஒரே ஆள் இருக்கும் மளிகைக் கடையில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கால் விஸ் (பர்மிய எடை அளவு) மிளகாய், அரை விஸ் பருப்பு என்று கேட்டால் என்ன ஆகும்? அந்த நிலைதான். எஸ்.எஸ்.டி. என்பது சில்லுகளில் சேமிக்கும் புது வகை டிஸ்க்; அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. சாட்டா என்ற சாதாரண வகை எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 500 எம்.பி. படிக்கும். சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

மெமரி 85, 90 என்று நின்றால் ரேம் பற்றவில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். ரேமும் குறைவு, டிஸ்க்கும் பழையது என்றால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அக்காவுடையதில் ரேம் 4 ஜி.பி., மெமரி 91, டிஸ்க் 100.

ஒன்றும் செய்யாமலே சி.பி.யூ. உச்சத்தில் இருந்தால் கீழே பட்டியலில் எந்தப் பெயர் அதைத் தின்கிறது என்று பாருங்கள். வைரஸாக இருக்கலாம், முடியாமல் தொங்கும் ஒரு புதுப்பிப்பாகவும் இருக்கலாம்.

அதே ஜன்னலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தொட்டால் எத்தனை ரேம் இடம் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். "2-ல் 1" என்று இருந்தால் காலி இடம் ஒன்று உண்டு. வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: 1600 என்றால் பெரும்பாலும் டி.டி.ஆர்.3, 2400, 2666 என்றால் டி.டி.ஆர்.4. ஒன்றை மற்றதன் இடத்தில் போட முடியாது, வெட்டுத்தடமே வேறு.

4. காசில்லாமல் செய்யக்கூடியவை

டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பக்கம். கம்ப்யூட்டரோடு தானாக எழும் செயலிகளில் தேவையில்லாததை நிறுத்துங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் சோதனையை முழுதாக ஒருமுறை ஓட்டுங்கள்.

அப்புறம் தூசி. சித்திரை வெயிலில் மதியம் மட்டும் மந்தமாகி, ராத்திரி சரியாக ஓடுகிறது என்றால் அது சூடு. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பக்கத்து ஓட்டையில் கை வைத்துப் பாருங்கள், காற்றே வரவில்லை என்றால் விசிறியைச் சுத்தம் செய்து வெப்பப் பசையைப் புதுப்பிக்கக் கொடுங்கள். சின்னக் கூலிதான்.

மழைக்காலத்தில் வேறு ஒரு தொல்லை வரும். மேசைக் கம்ப்யூட்டர் போட்டதும் பீப் பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. உடனே போர்டு போச்சு என்று நினைக்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ரேம் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஈரக் காற்றில் படிந்த படலம் போனாலே பல இயந்திரங்கள் எழுந்துவிடும்.

5. டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது?

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலி இருக்கிறது. திறந்ததும் நீல நிறத்தில் "குட்" என்றால் சரி. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. காதை வைத்தால் 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டாலும் அதே கதைதான். அப்போது வேகத்தை மறந்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

6. மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள்

வெளிநாட்டுக் குறிப்புகளில் இந்தப் படி இருக்காது. நமக்கு இதுதான் பாதி முடிவு.

ஒரு 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1200 வாட் மணி இருப்பதாகக் கணக்கு. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் 600. இன்வெர்ட்டரில் வீணாவது போகக் கைக்கு 500. மேசைக் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 120 வாட் இழுத்தால் 4 மணி நேரம். லேப்டாப் 40 வாட் என்றால் 12 மணி நேரம். மின்சாரம் முறை வைத்து வரும் வீட்டில் இந்த 4-க்கும் 12-க்கும் நடுவில்தான் பிள்ளையின் படிப்பு இருக்கிறது. ஆகவே பழைய மேசைக் கம்ப்யூட்டரில் பெரிய செலவு செய்யும் முன், அதே காசு ஒரு பழைய லேப்டாப்புக்கு எவ்வளவு தூரம் போகும் என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. "மீ லா பீ!" (மின்சாரம் வந்துவிட்டது) என்று தெருவே கத்தும் அந்த நிமிடத்தில் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். மின்சாரம் வந்த வேகத்தில் வோல்ட் ஏறி இறங்கும். பத்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

எங்கள் தெருக் கோயிலின் மாலைத் தமிழ் வகுப்பில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டாம் தலைமுறை ஐ3. மூடியைத் திறந்தால் பிராசஸருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களில் நான்கின் தலை உப்பியிருந்தது, ஒன்றில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். யூ.பி.எஸ். (மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இல்லாமல் பல வருடம் வோல்ட் அடி வாங்கியதுதான் காரணம் என்பது என் எண்ணம். அதை விட்டுவிடுங்கள் என்று மாமாக்களிடம் நானே சொன்னேன். பத்து வருடம் பிள்ளைகள் 'அ' எழுதிப் பழகிய இயந்திரம், சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

7. முடிவு

தாளில் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடையில் இரண்டு விலை கேளுங்கள்: வேண்டிய பொருளும் கூலியும் எவ்வளவு, உங்கள் வேலைக்கு ஏற்ற நல்ல பழைய லேப்டாப் எவ்வளவு. டாலரோடு விலையும் ஏறி இறங்குவதால் இரண்டையும் ஒரே நாளில் கேட்க வேண்டும்.

பாதி விலைக்குள் முடிந்தால் சரிசெய் என்பார்கள். நான் மூன்றில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். பழைய இயந்திரத்தில் ஒன்றை மாற்றினால் அடுத்த வருடம் இன்னொன்று கேட்கும், அதற்கும் கையில் கொஞ்சம் மீதம் வேண்டும்.

எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்து, தடுப்பது டிஸ்க்கோ ரேமோ மட்டும் என்றால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள். போர்டு போயிருந்தாலும், திரை, பேட்டரி, கீல் மூன்றும் ஒன்றாகக் கேட்டாலும் விட்டுவிடுங்கள். சில மலிவு லேப்டாப்களில் ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும்; அவற்றில் மாற்ற எதுவும் இல்லை.

நடுவில் நிற்பவை மூன்றாவது முதல் ஏழாவது தலைமுறை வரை. இயந்திரம் நன்றாக இருக்கும், விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது. இவற்றுக்கு எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றுவது என் விருப்பம். இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். தமிழ், பர்மிய விசைப்பலகை இரண்டும் கிடைக்கும். கணக்கு எழுத, படிக்க, படம் பார்க்க, பேச எல்லாம் நடக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்குச் செயலி ஏதாவது வைத்திருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

பழைய லேப்டாப் வாங்கினால் எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) நெருங்கும்போது எதையும் பழுதுக்குக் கொடுக்க வேண்டாம், கடை திறக்கும்வரை உங்கள் பொருள் உள்ளேயே கிடக்கும்.

அக்காவின் லேப்டாப்பில் 4 ஜி.பி. ரேம் ஒன்று கூடுதலாகச் செருகினோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்தோம். மின்சாரத்தைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றி, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, ஒரு இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை; எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைத்தோம். விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். செலவு, பழைய லேப்டாப் விலையில் கால் பங்குக்கும் கீழே.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் அதுவரை நல்ல நிலையில் இருந்ததால் ஒரு யூ.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன். அளவுகளையும் படங்களையும் சனிக்கிழமைதோறும் அதில் பிரதி எடுக்கிறார். அதன் மேல் தையல்கடைச் சாக்குக்கட்டியால் தேதி எழுதியிருக்கிறார்.