சாட் கடையில் எதை முதலில் கேட்பது?

கோவையில் சரவணம்பட்டி, துடியலூர் பக்கமெல்லாம் சாட் கடைகள் இப்போது மேசை நாற்காலி போட்டு ஓட்டலாகவே நடக்கின்றன. குடும்பத்தோடு போனால் காளான், தட்டுவடை செட், பானிபூரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். தட்டுவடை செட்டில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் இருப்பதால், கொஞ்ச நேரம் மேசையில் கிடந்தாலே நமுத்துவிடும். அதை முதலில் வாங்கி, வந்தவுடனே சாப்பிடுங்கள், அப்புறம் காளான்.

கோவைக் காளானில் பெரும்பாலும் முட்டைக்கோஸ்தான் இருக்கும், மைதாவும் சோளமாவும் சேர்த்துப் பொரித்த உருண்டைகளைக் கல்லில் போட்டு நன்றாகக் கொத்தி, மசாலாவில் கொதிக்கவிட்டு, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். கல்லில் ஏற்கெனவே குவிந்திருப்பதை வாங்காமல், "ஏனுங்ணா, புதுசா போடறப்ப குடுங்க, காரம் கம்மியா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், ருசியே வேறு. கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கலர்ப்பொடி, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

உட்காரும் முன் எண்ணெய்ச் சட்டியை ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரை கட்டியிருந்தால் அன்று பொரித்த எதையும் தொடாதீர்கள், பேல்பூரியோடு நிறுத்திக்கொள்ளலாம். பானிபூரித் தண்ணீர் கேன் தண்ணீரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருக்க வேண்டும், சுவரிலோ பில்லிலோ தேடிப் பாருங்கள்.