குதிகால் ரத்தப் பரிசோதனை: அமெரிக்காவில் பிள்ளை பெறும் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும் நர்ஸ் வருவார். குதிகாலைக் கொஞ்சம் சூடாக்கி, ஓரமாகக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை அட்டையிலுள்ள வட்டங்களில் விடுவார். ரத்தம் பின்பக்கம் வரை ஊற வேண்டும். காய்ந்த அட்டை மாநில ஆய்வகத்துக்குப் போகும். 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பி.கே.யு. (புரதத்தின் ஒரு பகுதியை உடலால் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறு) என்ற ஒரே நோய்க்காக இதைச் சட்டமாக்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் 30-க்கும் மேற்பட்ட பிறவி நோய்களைத் தேடுகின்றன.

"நம்ம பரம்பரையிலேயே அப்படி யாருக்கும் இல்லையே, பச்சைப்பிள்ளையை எதுக்குக் குத்தணும்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். சரி, கேட்கட்டும். ஆனால் அதை நம்பி மறுத்துவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் கோளாறால் வருபவை. இருவரும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். கூச்சப்படாமல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் இரண்டு தடவை எடுப்பார்கள். அங்கே இரண்டாவது 7 முதல் 14 நாளுக்குள். "அதான் ஒரு தடவை எடுத்தாச்சே" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சில நோய்கள் முதல் ஓரிரு நாளில் ரத்தத்தில் தெளிவாகத் தெரியாது, பிறகுதான் பிடிபடும். 24 மணி நேரத்துக்கு முன்பே எடுத்திருந்தாலும் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், பெயர். எங்கள் மகளின் முதல் அட்டை 'பேபி கேர்ள்' என்று என் கடைசிப் பெயரோடு, அதாவது என் அப்பா பெயரோடு போனது. இரண்டாவது அட்டையில் அவள் பெயரும் அவளுடைய அப்பா பெயரும். இரண்டும் ஒரே குழந்தையுடையவை என்று ஆய்வகத்துக்கு எப்படித் தெரியும்? நான் அதை யோசிக்கவே இல்லை. இரண்டாம் முறை போகும்போது பழைய பெயரையும், தாயின் முழுப் பெயரையும், பிறந்த தேதியையும் எழுதிக் கொடுங்கள். இப்போது பயன்படுத்தும் போன் நம்பரையும்தான்.

சந்தேகம் இருக்கிறது, குழந்தையோடு வாருங்கள் என்று போன் வந்தால் பதறவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். இது சந்தேகத்தை மட்டும் சொல்லும் சோதனை. திரும்ப அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் "தீட்டு கழியட்டும், பேர் வச்சுட்டுப் போகலாம்" என்பது ஆபத்து. காலக்டோசீமியா, அதாவது பாலிலுள்ள சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத நோய், உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே சில நாளில் ஈரலைக் கெடுத்துவிடும். பிறவித் தைராய்டு குறைபாட்டுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும், பொடித்து ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். டாக்டர் அன்றைக்கே வரச் சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள்.

போன் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வார விசிட்டில் ரிசல்ட்டைக் கேட்டு ஒரு நகல் வாங்கி வையுங்கள். அதில் 'டிரெய்ட்' என்றிருந்தால் குழந்தைக்கு நோய் இல்லை, மரபணுவைச் சுமக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் டிரெய்ட் இந்தச் சோதனையில் பொதுவாகத் தெரியாது. அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது கணவன், மனைவி இருவரும் அதற்குத் தனியாக ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.