தாய் சி: ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்பதும், அதில் உள்ள தற்காப்பும்

தாய் சி என்பது மெதுவாக அசைந்து பழகும் சீனத் தற்காப்புக் கலை. அதில் 1956-இல் சீனாவில் சுருக்கி அமைக்கப்பட்ட 24 அசைவு வரிசையைப் பழக ஆரம்பித்திருப்பவர்களுக்கான பதிவு இது. முதல் 12 அசைவுகள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். 13-லும் 15-லும் குதிகால் உதை வரும். 16, 17-இல் தாழ இறங்கி எழுந்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். இந்த நிலைக்குப் பெயர் தங்கச் சேவல். வேலூர் கோட்டை மைதானத்தில் காலை நடைக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பதும் சரியாக நாம் தடுமாறுகிற இந்த இடத்தில்தான்.

முதலில் இடம். மைதானத்துப் புல்தரை பார்க்க அழகு, ஆனால் மேடு பள்ளம். புதிதாகப் பழகுகிறவருக்கு ஆகாது. சமமான சிமெண்ட் தரையோ மொட்டைமாடியோ போதும். மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாதீர்கள், படிக்கட்டு அறையின் சுவரை ஒட்டி நில்லுங்கள். கோடையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் நம்ம ஊர் மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது.

யோகா விரிப்பு வேண்டவே வேண்டாம். பஞ்சு மாதிரி அமுங்குகிற தரையில் கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும். தடித்த குதி வைத்த ஓட்டப்பயிற்சி ஷூவும் அப்படித்தான். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகின்றன. நமக்குத் தேவையோ தட்டையான மெல்லிய அடி வைத்த சாதாரண கேன்வாஸ் ஷூ. வீட்டுக்குள் வெறுங்கால். வீடியோ பார்த்துப் பழகுவதானால், ஆசிரியரின் முதுகுப்பக்கம் இருந்து எடுத்ததைத் தேடுங்கள். எதிரே நின்று எடுத்ததைப் பார்த்தால் இடமும் வலமும் குழம்பும்.

இனி செய்முறை. இடது காலில் நிற்பதாகச் சொல்கிறேன்.

1. இடது பாதத்தைச் சுமார் 45 பாகை வெளியே திருப்பி வையுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். முட்டியும் பாதத்தின் இரண்டாம் விரலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும்.

2. உடல் எடை முழுவதையும் இடது காலுக்கு மாற்றுங்கள். வலது கால் இன்னும் தரையில்தான்.

எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். எண்பது சதவீதம் எடை மாறியதுமே காலைத் தூக்கிவிடுகிறோம். மிச்ச எடையைத் தரையை உந்தித் தள்ளித்தான் ஏற்றுகிறோம், அந்த உந்தல் உடம்பை மறுபக்கம் சாய்க்கிறது. கால் தூக்கப்படக் கூடாது, காலியாக வேண்டும். காலியான கால் தானாக எழும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: காலை வெயில் முதுகில் விழும்படி சுவரைப் பார்த்து நில்லுங்கள். எடையை மாற்றியபின் வலது கால் நுனியால் தரையை மெதுவாக மூன்று தட்டு தட்டுங்கள். சுவரில் விழும் தலையின் நிழல் அசைந்தால் எடை இன்னும் முழுதாக மாறவில்லை. நிழல் நின்ற இடத்திலேயே நிற்கிறதா, அடுத்த படிக்குப் போகலாம்.

3. வலது முட்டியும் வலது கையும் சேர்ந்தே எழும். முழங்கை முட்டிக்கு நேர் மேலே, விரல் நுனி கண் உயரத்தில். இடது உள்ளங்கை இடுப்பருகே தரையைப் பார்த்து அழுந்தும். தூக்கிய காலின் பாதம் தளர்ந்து தொங்கட்டும். நிற்கிற காலின் விரல்களால் தரையைக் கவ்வாதீர்கள், கெண்டைக்கால் இறுகிவிடும்.

4. இறக்கும்போதும் அதே வேகம். பாதம் 'தொப்'பென்று விழுந்தால் கடைசியில் எடை நழுவிவிட்டது என்று அர்த்தம்.

தாழ்ந்த நிலையிலிருந்து எழுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. எடை முன்காலுக்கு வரும்போதே முன்பாதத்தை வெளியே திருப்பி, பின்பாதத்தை உள்ளே திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் எழுந்தால் இடுப்பு திறக்காது, முறுக்கு முழுவதும் முட்டியில் போய் இறங்கும். நானும் இங்கே வெகுநாள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். தாழ இறங்க முடியாதவர்கள் அதை விட்டுவிட்டு நேராக ஒற்றைக்கால் நிலையை மட்டும் பழகலாம்.

யோகாவில் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் செய்கிறவர்கள் 'இது எங்களுக்குப் பழக்கம்தான்' என்பார்கள். பாதிதான் சரி. அங்கே பாதம் தொடையில் பதிந்திருக்கும், நிற்கும் கால் நேராக இருக்கும். இங்கே நிற்கும் கால் மடங்கி, மற்றது எந்தப் பிடிமானமும் இல்லாமல் இருக்கிறது. சிலம்பத்தில் காலடி பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

தற்காப்புக்கு வருவோம். நெருங்கி வந்து ஒருவன் உங்கள் வயிற்றை நோக்கிக் கை வீசுகிறான். இடது உள்ளங்கை அந்தக் கையைக் கீழே அழுத்துகிறது. வலது கை அவன் மோவாயையோ முழங்கையையோ மேலே ஏற்றுகிறது. அவன் கவனம் மேலே போன நொடியில் முட்டி அடிவயிற்றுக்கோ தொடைக்கோ போகிறது. திரும்பி இறங்கும் பாதம் அவன் கணைக்காலின் முன்னெலும்பை உரசிக்கொண்டு புறங்காலில் மிதிக்கிறது. கீழே காலை வாரிவிட வந்தாலும் இதே அசைவு காலைத் தப்புவிக்கும். குதிகால் உதையைப் படத்தில் காட்டுவதுபோல் நெஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். முட்டிக்குக் கீழே போதும்.

வரிசையில் நாம் நின்று காட்டுவது பயிற்சிக்காக. நிஜத்தில் ஒற்றைக்காலில் இருப்பது ஒரு கணம்தான். உடனே கால் தரைக்கு வந்து நீங்கள் நகர்ந்துவிட வேண்டும். துணையோடு பழகினால் மெதுவாக, படாமல் பழகுங்கள். பைக்கில் வந்து சங்கிலியைப் பறிக்கிறவனிடம் இதெல்லாம் பலிக்காது. சங்கிலி போனால் போகட்டும், 112-க்குக் கூப்பிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேல் தாக்க அல்ல. ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

பின்சேர்க்கை: அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுவரில் ஒரு கை வைத்து இரண்டாம் படிவரை மட்டும் செய்யட்டும், கால் நுனி தரையிலேயே இருக்கட்டும். முட்டி அறுவை சிகிச்சை ஆனவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று: கண்ணை மூடினால் விழப்பார்க்கிறேன் என்கிறார்கள். மூடாதீர்கள். சமநிலைக்குக் கண்ணும், உட்காதும், பாதத்தின் உணர்வும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆரம்பத்திலேயே அதில் ஒன்றை எடுத்துவிடுவானேன்? கண் உயரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து நில்லுங்கள்.

முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது என்றவர்கள், நிற்கும் முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அப்படிச் சாயும். அந்தப் பக்கத்தையே தினமும் முதலில் பழகுங்கள், கால் களைப்பதற்குள்.